காலப்பயணியின் மனவடு

1966 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாள் சனிக்கிழமை மாலை, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சியிலே ஒரு கிழவர் தம்முடைய கப்பலின் நடுவே தனியே நின்று தமக்குத் தாமே பேசிக்கொண்டார். அது கடலிற் செல்லும் கப்பலன்று. காலத்திலே செல்லும் கப்பல். சற்று முன்னர்தான் அவருடைய கடைசித் துணைவனும் கோபித்து வெளியேறியிருந்தான். தம்முடன் பயணஞ் செய்து பிரிந்துபோனவர்களின் பெயர்களைக் கிழவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அவற்றுள் ஒன்றை வழக்கம்போலப் பிழையாகவே சொன்னார். தாம் பிறந்த உலகத்துக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினார். அது தம்மால் இயலாதென்று உடனே உணர்ந்தார்.

அந்தக் காட்சியை இன்று எவரும் பார்க்க முடியாது. அக்காலத்தில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நாடாக்களின் விலையையும் களஞ்சியத்தின் இடத்தையும் கருதி, பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிடுவது வழக்கம். அந்த நாடகத்தின் 4 பகுதிகளும் அவ்வாறு அழிந்தன. ஆயினும், வீட்டிலிருந்து தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்த சில ஆர்வலரின் நாடாக்கள் தப்பின. எனவே அக்கிழவரின் தனிமை இன்று வானொலி நாடகம்போலக் குரலாக மட்டுமே வாழ்கின்றது. அதனால் அதன் வலிமை குறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை.

'டொக்டர் ஹூ' என்னும் இத்தொடர் 1963 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் தொடங்கியது. அமெரிக்க ஜனாதிபதி கெனடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. அந்தக் கலக்கத்திலே பலர் முதற் பகுதியைக் காணாது விட்டமையால், அடுத்த வாரம் அதனை மீண்டும் ஒளிபரப்பினர். நாடகப் பிரிவின் தலைவராயிருந்த கனடா நாட்டவர் சிட்னி நியூமன் இதற்கு வித்திட்டவர். தயாரித்தவர் வெறிற்றி லாம்பேட் என்னும் இளம்பெண். முதற் கதையை நெறிப்படுத்தியவர் இந்தியாவிலே பிறந்த வாரிஸ் ஹுசேன். பெயர் சொல்லாத ஒரு முதியவர், 'டொக்டர்' என்று மட்டும் அழைக்கப்படுபவர், நீலநிறப் பொலிஸ் பெட்டியின் தோற்றங்கொண்ட ஓர் ஊர்தியிலே காலத்தையும் வெளியையும் கடந்து செல்கிறார். உடன் செல்வோர் அவருடைய பேர்த்தி சூசன், அவளுடைய வரலாற்று ஆசிரியை, விஞ்ஞான ஆசிரியர். பிள்ளைகளுக்கு வரலாறும் விஞ்ஞானமும் கதையோடு புகட்டுவதே தொடக்க நோக்கம். ஒரு மனிதனின் உள்ளத்தில் ஆண்டாண்டாய்த் துயர் எவ்வாறு படிகின்றது என்பதை ஆராய்வது எவருடைய நோக்கமும் அன்று. அப்படியிருந்தும், 26 ஆண்டுகளும், பின்னர் 2005 முதல் மீண்டும் ஓடிய இத்தொடர், தன்னை அறியாமலே அந்த ஆராய்ச்சியைச் செய்துவிட்டது.

இதன் காரணம் கதையின் அமைப்பிலேயே உள்ளது. நாயகர் சாவதில்லை, உடல் அழியும் வேளையில் வேறோர் உடலாக மாறிவிடுகிறார். சித்தர்களின் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால், பாம்பு சட்டை உரிப்பதென்பதே பொருத்தமான உவமை. உடல் புதிது, முகம் புதிது, இயல்பும் ஓரளவு புதிது. நினைவு மட்டும் பழையது. அவருடன் வருவோரோ மனிதர்கள். அவர்கள் வளர்கிறார்கள், மணஞ்செய்து பிரிகிறார்கள், சிலர் இறக்கிறார்கள். ஆக, சாவில்லாத ஒருவர் சாகும் மக்களை நேசித்தால் என்ன நேரும் என்னும் கேள்வி ஆசிரியர்கள் கேட்காமலே கதைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. இந்த உருமாற்றத்துக்கும் தத்துவம் எதுவும் காரணமன்று. முதல் நடிகர் வில்லியம் ஹாட்னெல் நோயுற்றார். தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் 1966 ஒக்டோபர் 29 இல் அவர் இடத்தில் பற்றிக் ட்றவுட்டனை நிறுத்தினர்.

முதற் பிரிவு 1964 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் நிகழ்ந்தது. பேர்த்தி சூசன் ஓர் இளைஞனை விரும்புகிறாள். ஆனால் பாட்டனைத் தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டன் கப்பலின் கதவை உள்ளிருந்து பூட்டிவிடுகிறார். ஒரு நாள் திரும்பி வருவேன் என்று வெளியே நிற்கும் அவளுக்கு ஒலிபெருக்கி வழியே சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். நன்மை கருதிச் செய்த கொடுமை அது. அடுத்த ஆண்டின் இறுதியிலே தொடங்கிய 12 பகுதிகொண்ட கதையொன்றில், கத்தரீனா, சாரா கிங்டம் என்னும் இருவர் அவருடன் வந்ததாலேயே இறந்தனர். அதனை உடனடுத்து வந்ததே, 1572 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்திலே புரட்டஸ்தாந்தர் கொலையுண்ட வரலாற்றைக் கூறும் கதை. ஆன் சப்லே என்னும் பணிப்பெண்ணைக் காப்பாற்றாமல் விட்டுவந்தார் என்றுதான் துணைவன் ஸ்ரீவன் கோபித்துச் சென்றான். நடந்த வரலாற்றை மாற்ற முடியாதென்பது கிழவரின் விடை. அது தவறான விடையன்று. ஆனால், உயிரோடு இருந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பவனுக்கு அது போதுமான விடையுமன்று.

அந்தத் தனிமைக்குக் கதை கண்ட மருந்து யாது? சில நொடிகளிலே ஒரு சிறுமி உண்மையான பொலிஸ் பெட்டியென்று எண்ணிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடி வருகிறாள். ஸ்ரீவனும் திரும்பி வந்துவிடுகிறான். கப்பல் புறப்படுகிறது. புதியவரின் வருகையால் பழையவரின் பிரிவை மூடிவிடும் இந்த முறையைத் தொடர் அன்று கண்டுபிடித்தது. பின்னர் நெடுங்காலம் கைவிடவில்லை.

இதனை நாடகக்காரரின் சோம்பல் என்று மட்டும் கொள்வது முறையாகாது. அந்தத் தலைமுறை துயரத்தை அப்படித்தான் கையாண்டது. முதல் மூன்று நடிகரின் வாழ்க்கையை நோக்கினால் இது விளங்கும். ஹாட்னெல் இரண்டாம் உலகப்போரிலே தாங்கிப்படையிற் சேர்ந்து, நரம்புத் தளர்ச்சியுற்று விடுவிக்கப்பட்டவர். ட்றவுட்டன் வடகடலிலே பீரங்கிப் படகுகளிற் பணிபுரிந்தவர். மூன்றாமவரான ஜோன் பேட்வீ 'ஹூட்' என்னும் போர்க்கப்பலில் இருந்தார். அவர் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட சிறிது காலத்தில், 1941 மே 24 இல், அக்கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 1,418 பேரில் 3 பேரே பிழைத்தனர். நாயகருடைய தீராப் பகைவரான டாலெக் என்னும் இரும்புக்கூட்டு உயிர்களைப் படைத்த ரெறி நேஷன் காடிஃப் நகரத்தவர். குண்டுவீச்சுக் காலத்தில் பதுங்கிடங்களிலே சிறுவனாக இருந்தவர். நாற்சிகளை மனத்திற் கொண்டே டாலெக்குகளைப் படைத்ததாக அவரே கூறியுள்ளார். இவர்களெல்லாம் சனிக்கிழமை மாலையிலே பிள்ளைகளை மகிழ்விக்கும் தொழிலைச் செய்தனர். போரைப் பற்றிப் புலம்புவது அக்காலப் பிரித்தானியரிடையே நாகரிகமாகக் கருதப்படவில்லை.

ஆயினும் மருத்துவ உலகிலே இந்த மௌனத்துக்கு எதிரான குரல் முன்னரே எழுந்திருந்தது. குண்டதிர்ச்சி என்னும் சொல்லைச் சார்ள்ஸ் மயர்ஸ் 1915 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதினார். எடின்பரோ நகருக்கு அருகே கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையிலே படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்தவர் ரிவேர்ஸ். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906 இல் பெருநூல் வெளியிட்ட மானிடவியலறிஞரும் இவரே. நடந்ததை மறந்துவிடு, இனியவற்றை எண்ணு என்று நோயாளருக்குச் சொல்லும் வழக்கம் நோயை வளர்க்கின்றது என்று அவர் 1917 டிசம்பரில் ஒரு விரிவுரையிலே எடுத்துக் கூறினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. நண்பனின் சிதறிய உடலைப் போர்க்களத்திற் கண்ட அதிகாரி ஒருவர் இரவெல்லாம் அக்காட்சியையே கனவு கண்டு அலறினார். உடல் அவ்வளவு சிதைந்திருந்தமையே நண்பன் வேதனையின்றிக் கணத்தில் இறந்ததற்குச் சான்றாகும் என்று ரிவேர்ஸ் அவருக்கு எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் வந்த கனவிலே அச்சம் இருக்கவில்லை, துயரம் இருந்தது. துயரத்தை மனிதன் தாங்குவான். அதே வேளையில், நினைவிலேயே ஓயாது மூழ்கிக் கிடப்பதும் கேடென்று ரிவேர்ஸ் சொல்ல மறக்கவில்லை.

ரிவேர்ஸின் இந்த அளவை மனத்திற் கொண்டு நோக்கினால், 1967 செப்ரெம்பரில் ஒளிபரப்பான ஒரு சிறு உரையாடல் வியப்பூட்டும். தந்தையை அண்மையில் இழந்த விக்டோறியா என்னும் பெண் இரவிலே உறக்கமின்றி இருக்கிறாள். ட்றவுட்டன் அவளருகே அமர்கிறார். உங்கள் குடும்பத்தாரை நினைவிருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். தாம் விரும்பி அழைத்தால் அவர்கள் கண்முன் வருவார்கள் என்றும், மற்றை வேளைகளில் மனத்துள்ளே உறங்குவார்கள் என்றும், அவளுக்கும் காலப்போக்கில் அவ்வாறே ஆகும் என்றும் அவர் சொல்கிறார். மறத்தலும் அன்று, ஓயாது நினைத்தலும் அன்று, துயிலச் செய்தல். அந்தச் சிறு பகுதியே இத்தொடரின் 60 ஆண்டுகளிலும் துயரைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் தலையாயது எனல் மிகையன்று. இந்தக் கதையும் காணாமற் போயிருந்தது. 1990களின் தொடக்கத்திலே ஹொங்கொங்கில் அதன் படச்சுருள்கள் அகப்பட்டன.

அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த ஞானம் பெரும்பாலும் மறக்கப்பட்டது. 1974 இல் பேட்வீயின் டொக்டர் தம் அச்சத்தை நேரே சென்று எதிர்கொண்டு அதனால் இறக்கிறார். 1975 இல் ரொம் பேக்கரின் டொக்டர் இரண்டு மின்கம்பிகளைக் கையில் ஏந்தி, டாலெக் இனத்தைக் கருவிலேயே அழிக்கத் தமக்கு உரிமை உண்டா என்று தயங்குகிறார். இவை அறத்தின் சிக்கல்கள்; துயரத்தின் சிக்கல்கள் அல்ல. அடுத்த வாரம் நாயகர் புத்துணர்வோடு வரவேண்டும் என்பது தொடர்கதைக்குரிய நியதி.

அந்த நியதி உடையும் நிலைக்கு வந்தது 1982 மார்ச் 16 இல். அட்றிக் என்னும் கணிதத் திறன் மிக்க சிறுவன், பூமியை நோக்கி விழும் சரக்குக் கலத்தைத் திருப்ப முயன்று மாண்டான். முடிவில் வழக்கமான இசை ஒலிக்கவில்லை. உடைந்து கிடக்கும் அவனுடைய பதக்கத்தின்மேல் பெயர்கள் ஓசையின்றி நகர்ந்தன. டீலியா டாபிஷெயர் என்னும் பெண்மணி நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய அந்த அறிமுக இசை முதல் நாளிலிருந்தே தொடரின் உயிராயிருந்தது; அதனை நிறுத்தியதே பெரிய துக்கங்கொண்டாடல். ஆனால் அடுத்த வாரக் கதை என்ன செய்தது? திரும்பிச் சென்று அவனைக் காப்பாற்றும்படி தோழியர் இருவரும் வேண்டுகின்றனர். பீற்றர் டேவிசனின் டொக்டர் கடிந்து மறுக்கிறார்; தன் முடிவை அவனே தேர்ந்தான், அளவுக்கு மிஞ்சி அழுவதை அவன் விரும்பமாட்டான் என்கிறார்; பின்னர், 1851 ஆம் ஆண்டின் இலண்டன் மாபெருங் கண்காட்சிக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லித் தேற்றுகிறார். சில நிமிடங்களில் துக்கம் முடிந்துவிடுகிறது. பிணம் எடுத்த வீட்டில் அன்று மாலையே திருவிழாவுக்குப் புறப்பட்டாற்போன்ற செயல் அது. அக்காலச் சிறுவர் பலருடைய மனத்திலே அட்றிக்கின் மரணம் ஆறாமல் நின்றதற்கு, கதை அவர்களை அழவிடாமல் இழுத்துச் சென்றதும் ஒரு காரணமாகலாம்.

இதற்கிடையில் வெளியுலகம் மாறியிருந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் முறையீட்டின் பின், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் தன் நோய்ப்பட்டியலின் 3 ஆம் பதிப்பிலே ஒரு புதிய பெயரைச் சேர்த்தது. பெரும் நெருக்கீட்டுக்குப் பின்னர் எஞ்சும் நோய் அது. மனவடு என்னும் சொல்லால் ஈழத்துத் தமிழர் போர்க்காலத்திலே நன்கறிந்தது. திடுமெனத் திரும்பும் நினைவு, உறக்கமின்மை, காரணமில்லாத சினம், தான் மட்டும் பிழைத்ததற்கான குற்றவுணர்வு என்பன அதன் குறிகள்.

தொடர் 1989 டிசம்பரில் நின்றது. 1996 இல் போல் மக்கான் நடித்த ஒரேயொரு திரைக்கதை வந்து போனது. பின்னர் நாயகருக்கு அடைக்கலம் கொடுத்தது ஒலிதான். 'பிக் ஃபினிஷ்' என்னும் நிறுவனம் 1999 முதல் பழைய நடிகர்களைக் கொண்டு ஒலி நாடகங்களை வெளியிட்டது. 2011 இல் வந்த ஒரு நாடகத்தில் டாலெக்குகளின் படையெடுப்பிலே துணைவி லூசி மில்லர் இறக்கிறாள்; சூசனின் மகன் அலெக்சும், அதாவது நாயகரின் பூட்டனும், இறக்கிறான். அடுத்த ஆண்டு வந்த நாடகத்தின் தொடக்கத்தில் டொக்டர் நம்பிக்கை அனைத்தும் இழந்து, அண்டத்தின் எல்லைக்கே கப்பலை ஓட்டிச் செல்ல முனைகிறார். முகம் காட்டாத அந்தக் குரலின் வெறுமை கேட்போரை உலுக்கும். படமாகக் காட்டியிருந்தால் இத்துணை நெருக்கம் கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

தொலைக்காட்சியிலே தொடர் 2005 மார்ச் 26 இல் மீண்டது. புதிதாக அதனை எழுதியமைத்த ரசல் டேவிஸ் ஒரு துணிவான செயலைச் செய்தார். இடைப்பட்ட காலத்தில் 'காலப்போர்' ஒன்று நிகழ்ந்ததென்றும், டாலெக்குகளோடு தம் சொந்த இனத்தையும் சேர்த்தழித்து அப்போரை முடித்தவர் டொக்டரே என்றும் கதையை மாற்றினார். தடித்த தோலாடையும் ஒட்ட வெட்டிய தலைமுடியுமாய் வந்த கிறிஸ்ரோபர் எக்கிள்ஸ்ரன், போரிலிருந்து திரும்பிய படைவீரனின் தோற்றத்தையே கொண்டிருந்தார். அதிகம் சிரித்தார், சிரிப்பு சட்டென நின்றது.

அவ்வாண்டு ஏப்பிரல் 30 இல் வந்த, றொபேட் ஷியர்மன் எழுதிய பகுதி இதனை வெளிப்படையாக்கியது. நிலத்தடிக் காட்சிச்சாலையொன்றிலே சங்கிலியிற் கட்டுண்டு, ஆயுதம் செயலிழந்து கிடக்கும் ஒற்றை டாலெக்கின் முன்னே டொக்டர் நிற்கிறார். முதலில் நடுங்குகிறார். அது சுடமாட்டாதென்று அறிந்ததும் வெறிகொண்டு சிரிக்கிறார். பின்னர் அதனை மின்னதிர்ச்சியால் வதைக்கிறார். நீயும் நல்லதொரு டாலெக்காக இருந்திருப்பாய் என்னும் பொருள்பட அது அவரிடம் சொல்லும்போது விடையில்லை. இறுதியில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் அவரை, நீங்கள் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்துபவள் ரோஸ் என்னும் கடைச்சிப்பந்திப் பெண். நான்கு வாரங்களின் பின், 1941 இன் இலண்டன் குண்டுவீச்சுக் காலத்தில் நிகழும் கதையின் முடிவிலே, ஒருவரும் சாகவில்லை என்று கண்ட டொக்டர் குழந்தைபோற் கூத்தாடுகிறார். ஒரு நாளாவது எல்லோரும் பிழைக்க வேண்டும் என்று ஏங்கிய உள்ளம் அது. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட காட்சியன்று என்பது அவர் முன் அடைந்ததை அறிந்தோர்க்கே விளங்கும்.

2007 இல் டேவிட் ரெனன்ட் நடித்த டொக்டர், தம் உலகத்தின் அழகைப் பற்றி மார்த்தாவிடம் அது இன்னும் இருப்பதுபோலவே பேசி மகிழ்கிறார். அவள் உண்மையை அறிய வேண்டும் என்று விடாது நிற்கிறாள். சந்து ஒன்றிலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அது எரிந்து போயிற்று என்று தொடங்கிச் சொல்கிறார். 1966 இல் வெறும் சுவருக்குச் சொன்னதை இப்போது ஒரு மனிதப் பிறவியிடம் சொல்கிறார் என்பதே வேறுபாடு. பேச்சினால் மட்டும் அவர் குணமடைந்தாரென்று எழுத்தாளர் பொய் கூறவில்லை. 2009 நவம்பரில் வந்த பகுதியிலே, இனி எவரையும் சாகவிடேன் என்று வரலாற்றின் விதியையே உடைத்துச் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். பாரிஸ் பணிப்பெண்ணுக்கு மறுத்ததை அவர் இப்போது செய்துவிட்டார் எனலாம். ஆனால் செய்த முறையிலே கருணையில்லை, ஆணவமே இருந்தது. காப்பாற்றப்பட்ட அந்தப் பெண், அடலெய்ட் புறூக், தன் கையாலேயே தன் உயிரைப் போக்கிக்கொள்கிறாள். ஆறாத துயரம் அதிகார வெறியாக மாறும் விதத்தைக் குடும்பத்தார் கூடியிருந்து பார்க்கும் நாடகமொன்று இவ்வளவு தெளிவாகக் காட்டியது அரிது.

50 ஆவது ஆண்டு நிறைவான 2013 நவம்பர் 23 இல், 94 நாடுகளிலே ஒரே வேளையில் ஒளிபரப்பான பகுதியில் ஒரு கேள்வி எழுகின்றது. அழிந்த அந்த நாளில் உங்கள் உலகத்திலே எத்தனை குழந்தைகள் இருந்தன? ரெனன்ட்டின் டொக்டர் எண்ணி வைத்திருக்கிறார்: 247 கோடி. மற் ஸ்மித்தின் டொக்டரோ எண்ணிக்கையை மறந்துவிட்டதாகச் சொல்கிறார். முன்னவருக்கு ஆத்திரம் பொங்குகிறது. மறந்தவனும் வருந்துபவனும் ஒரே ஆள். நடுவே 400 ஆண்டுகள். ரிவேர்ஸ் விலக்கச் சொன்ன இரண்டு கேடுகளும் ஒரே சிறையறையில் ஒன்றையொன்று வெறித்துப் பார்க்கின்றன. அதன்பின் அந்தக் கொடுஞ்செயலே நிகழாதபடி கதையை மாற்றியமைத்தது குறித்து அன்று தொட்டு இருவகைக் கருத்துண்டு. நாயகருக்கு அது விடுதலை. பார்த்தவர்களுக்கோ எளிதாகக் கிடைத்த விடுதலை. உண்மை உலகிலே பிழைத்தோருக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடைப்பதில்லை.

அந்தக் குறையை நிறைத்தது 2015 நவம்பர் 28 இல் வந்த பகுதி. ஸ்ரீவன் மொஃபற் எழுதியது. ஏறத்தாழ முழுவதும் பீற்றர் கப்பல்டி ஒருவரே நடித்தது. துணைவி கிளாரா இறந்த மறுகணம் டொக்டர் ஆளற்ற கோட்டையொன்றில் அடைக்கப்படுகிறார். வைரத்திலும் கடினமான சுவர் ஒன்று வழியை மறைக்கின்றது. வெறுங்கையால் அதனைக் குத்துகிறார். பின்தொடரும் கொடிய உருவத்தின் கைபட்டு இறக்கிறார். மீண்டும் முதல் நாளிலிருந்து உருப்பெற்று, அதே துயரோடு அதே வழியில் வந்து, மீண்டும் குத்துகிறார். இவ்வாறு 450 கோடி ஆண்டுகள். ஒருவரை இழக்கும் நாள் அன்று, அவர் இல்லாமலே தொடரும் நாட்களே கொடியவை என்று அவர் சொல்வது கதையின் கருவாகும். ஒருமுறை சோர்ந்து விழுந்து, இம்முறையேனும் தோற்கவிடக் கூடாதா என்று இரக்கிறார். துக்க வீட்டில் ஒவ்வொரு காலையும் எழுவது எத்தகையதென்று அறிந்தவர்கள் அந்தச் சுவரை அறிவார்கள். ஆனால் அடுத்த வாரமே அவர் இறந்தவளைக் காலத்திலிருந்து பறித்தெடுக்க முனைந்து எல்லை மீறுகிறார். முடிவில் அவளைப் பற்றிய நினைவையே இழக்கிறார். மறதி மீண்டும் மருந்தாக வந்தது. 2021 டிசம்பரில் ஜோடி விற்றேக்கரின் டொக்டரும், தாம் இழந்த முற்பிறவிகளின் நினைவு அடைக்கப்பட்ட கடிகாரத்தைத் திறவாமல், தம் கப்பலின் ஆழத்திலே மறைத்துவிட்டார். அதனைக் கோழைத்தனம் என்று சிலர் பழித்தனர். எல்லா மூடியையும் திறப்பதே வீரமென்று யார் சொன்னது?

2023 டிசம்பர் 9 இல் வந்த கதையே இந்தச் சிக்கலை நேர்முகமாக எடுத்துக்கொண்டது. ரெனன்ட் திரும்பி வந்திருந்தார். ஓயாது ஓடி ஓடித் தேய்ந்துவிட்டீர்கள் என்று தோழி டொனா அவரிடம் சொல்கிறாள். இம்முறை உருமாற்றம் நிகழவில்லை. ஒருவர் இருவராகப் பிரிகின்றனர். புதியவராகிய ஷூற்றி கற்வா பழையவரை அணைத்துக்கொண்டு, பட்ட துயரங்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். 1960களில் வந்த பகைவன் ஒருவன், அட்றிக், காலப்போர், இறந்துபோன சாரா ஜேன் என்று 41 ஆண்டுகளுக்கு முன் அழவிடாத சாவும் அப்பட்டியலிலே இடம்பெற்றது. நீ இளைப்பாறியதனாலேயே நான் நலமாயிருக்கிறேன் என்னும் பொருள்படப் புதியவர் சொல்கிறார். பழையவர் டொனாவின் வீட்டுத் தோட்டத்திலே, குடும்பத்தாரோடு உணவு மேசையில் அமர்கிறார். 60 ஆண்டுகளில் முதன்முறையாகக் கப்பல் காத்திருக்கின்றது, அவர் புறப்படவில்லை. இருவராய்ப் பிரியும் உத்தி செயற்கையானது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், ஓய்வு என்பது தோல்வியன்று என்று நாயகர் ஒருவருக்குச் சொல்ல எத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன!

அந்த நலமும் முழுமையானதன்று. 2025 மே 17 இல் வந்த பகுதியில், கோடானுகோடி மக்களைக் கொல்ல முயன்ற ஒருவனைப் பிடித்த கற்வாவின் டொக்டர், எக்கிள்ஸ்ரன் முன்னொருகால் செய்ததுபோலவே அவனை மின்னதிர்ச்சியால் வதைக்கிறார். உடன் வந்த பெண் அஞ்சி நிற்கிறாள். அதே பகுதியிலேதான் அவருடைய மனக்கண்ணில் ஒரு முகம் தோன்றுகின்றது. நரைத்த தலையோடு, வயது முதிர்ந்து, தம்மைத் தேடி வருமாறு அழைக்கும் சூசனின் முகம். நடித்தவர் 1963 இல் நடித்த அதே கறல் ஆன் ஃபோட். பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற பேர்த்திக்குத் திரும்பி வருவேன் என்று பாட்டன் சொல்லி அப்போது 60 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் டொக்டரின் உடல் மீண்டும் மாறியது. சூசனை அவர் இன்னும் சென்று காணவில்லை.